ஐந்தாவது புத்தகம்

"சிக்கிட்டாங்க. மொத்த வகுப்பும் சிக்கிடுச்சு," என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் குவிந்திருந்த கட்டுரைகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார் ஆங்கில வாத்தியார்.

எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "யாரு? எதுல?"

"கோடை லீவுல அஞ்சு நாவல் படிச்சுக் கட்டுரை எழுதிட்டு வரச் சொன்னேன்ல? பெரிய மேடம் குடுத்தது நாலுதான். அஞ்சாவது நானா சேர்த்தது. ‘ட்யூஸ்டே அம்ப்ரெல்லா’. அப்படி ஒரு புத்தகமே உலகத்துல கிடையாது. எழுதினவர் பேருக்கு எதிர் வீட்டு நாய் பேரைப் போட்டேன்."

"அதையும் படிச்சேன்னு எழுதிட்டாங்களா?"

"உருகி உருகி எழுதியிருக்காங்க. ஒருத்தன், அந்தக் குடைதான் மனுஷ வாழ்க்கைங்கறான்."

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘அரை மார்க்’ என்று பட்டப்பெயர். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அரை மார்க்காவது குறைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இன்று ஒரு வகுப்பையே குறைக்கிற வாய்ப்பு கிடைத்திருந்தது.

"மத்த நாலையும் நீங்க படிச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. இவளிடம் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை என்பது கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்ட பாடம்.

"நான் கடைசியா முழுசாப் படிச்ச புத்தகம் நம்ம வாஷிங் மெஷினோட வந்ததுதான்."

"அதுவும் மெஷின் நின்னுபோன அப்புறம்."

"அதைத்தானே சொல்றேன்."

"அப்புறம் எப்படி மார்க் போட்டீங்க?"

"அது ஒரு தனி வித்தை. எல்லாக் கட்டுரையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். மூணாவது நாவல்ல கதாநாயகன் ஆத்துல மூழ்கிச் செத்தான்னு பாதிக்கு மேல எழுதியிருந்தாங்க. கொஞ்சப் பேர் ரயில்ல விழுந்து செத்தான்னாங்க. பெரும்பான்மை ஆத்துப் பக்கம் இருந்துச்சு. ரயில்ல சாகடிச்சவங்களுக்கெல்லாம் அரை மார்க் கம்மி."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. துறைத் தலைவர் பதவி கிடைச்சா சரியாப் போயிடும்."

பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி நிஜம். ஆங்கிலத் துறைக்குத் தலைவியாக இருந்த பெரிய மேடம் ஓய்வு பெறப் போகிறார். அடுத்தது யார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வாத்தியாருக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன பதவி அது. இந்தத் தடவையும் நழுவினால் அரை மார்க்காகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லீவுக்கு முன்பு நான்கு நாவல்களின் பெயரைக் கொடுத்தபோது, "இதெல்லாம் படிச்சிருக்கீங்கல்ல சார்?" என்று மேடம் கேட்டிருந்தார். பதவி கண் முன்னால் ஆடியது. "காலேஜ்லயே படிச்சாச்சு மேடம். மூணாவதைப் படிச்சிட்டு அழுதுட்டேன்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். லீவில் எப்படியும் படித்துவிடுவது என்றுதான் இருந்தார். லீவுக்கு அது தெரியவில்லை.

கட்டின் அடியில் இன்னும் ஒரு தாள் இருந்தது. ஒரு பெண், ‘ஐந்து புத்தகங்களும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை’ என்று ஒரே வரி எழுதியிருந்தாள். ஐந்தாவது விஷயத்தில் உண்மை பேசியதற்காக அரை மார்க் போட்டார். மற்ற நான்குமா கிடைக்காது? சோம்பேறித்தனத்தைப் பற்றி இவருக்கே பாடம் எடுக்கிறாளா என்று, அந்த நான்குக்கும் முட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

மறுநாள் காலை கட்டுரைக் கட்டோடு பெரிய மேடத்தின் அறைக்குள் நுழைந்தார். ஐந்தாவது புத்தகத்தை வைத்து வகுப்பைப் பிடித்ததைச் சொன்னார். நாய்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

"படிக்காததைப் படிச்சேன்னு சொல்றது திருட்டு மேடம். இப்பவே கண்டிக்கணும்," என்றார். சொல்லும்போதே காது சுட்டது. தன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அது ஆகாது சார். நாளைக்கு இந்த நாற்காலியில உக்கார்றவங்க அப்படி இருந்துடக் கூடாதுன்னுதான் நானும் பார்க்கறேன்."

நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது.

"மத்த நாலு நாவலையும் பசங்க எப்படி எழுதியிருக்காங்க?" என்றார் மேடம்.

"பரவாயில்ல மேடம். மூணாவதுலதான் சில பேர் ஆத்தை விட்டுட்டு ரயிலுக்குப் போயிட்டாங்க. சந்தேகத்துக்கு நானும் போன வாரம் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். ஆறுதான். மறுபடியும் கண்ணு கலங்கிடுச்சு."

மேடம் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆக, அந்த ‘ட்யூஸ்டே அம்ப்ரெல்லா’ நீங்களா இட்டுக்கட்டினது."

"ஆமாம் மேடம்," என்றார் வாத்தியார், அடக்கமாக இருக்கப் பார்த்து முடியாமல்.

"நல்லவேளை சொன்னீங்க. பசங்களுக்கு நீங்க குடுத்த லிஸ்ட்டைப் பார்த்துட்டு, லீவு பூரா அந்த ஒரு புத்தகத்துக்காகக் கடை கடையா ஏறி இறங்கினேன் சார்," என்று பெருமூச்சு விட்டார் மேடம். "நான் கற்பனையா எழுதிக் குடுத்த நாலு புத்தகத்தோட எதுக்கு ஒரு நிஜப் புத்தகத்தைச் சேர்த்தீங்கன்னுதான் எனக்குப் புரியாமலே இருந்தது."