பின்னுக்குத் தெரியுமோ

சுதாகரன் அண்ணை தன் கமராக் கடையின் கண்ணாடி மேசையில் மூன்று லென்ஸுகளை வைத்தார். மூன்றும் வாடகைக்கு.

நான் நடுவில் இருந்ததை எடுத்தேன். ஐம்பது மில்லிமீற்றர். பொம்பிளையின் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும், பின்னால் எல்லாம் கரைந்துபோகும். அதுக்குப் பேர்தான் ப்ளர். அந்த ப்ளருக்காகத்தான் நான் படம் எடுக்கவே தொடங்கினேன்.

இது என் முதல் கலியாணம். படம் எடுக்கிறதில் சொல்கிறேன்.

சரிவந்தால் இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள். சரிவராவிட்டால் திரும்பவும் மாமாவின் கடையில் பைப் அறுக்கவேண்டும். அந்த வாழ்க்கையை ஒருதரம் வாழ்ந்து பார்த்துவிட்டேன், போதும்.

கலியாணப் பொம்பிளையே பக்கத்தில் நின்றா. அதுதான் பிரச்சினை.

ஜெயரூபி அக்கா பரந்தன் சந்தியில் எதிர்ப்பக்கத்துப் புடவைக் கடையில் வேலை. ஒட்டுசுட்டானில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கலியாணம். சாப்பாட்டு நேரத்தில் றோட்டைக் கடந்து லென்ஸ் பார்க்க வந்திருந்தா. உலகத்தில் எந்தப் பொம்பிளை லென்ஸ் பார்க்க வருவா? சேலை பார்ப்பார்கள், நகை பார்ப்பார்கள்.

வந்தவா என்ன கொம்பனி என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"தம்பி, இதில பின்னுக்கு நிக்கிற ஆக்களின்ர முகம் தெரியுமோ?"

தெரியாது அக்கா, தெரியாமல் இருக்கிறதுதான் இதின்ர விசேஷம் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவா அந்த லென்ஸைப் பழுதாய்ப்போன மீனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

சுதாகரன் அண்ணை பெரிய நீட்டு லென்ஸைத் தூக்கிக் காட்டினார். இதென்றால் உங்கட ஒட்டுசுட்டான் யானையையே பயப்பிடாமல் தூர நின்று எடுக்கலாம் என்றார். அதுக்கும் அதே கேள்வி. அதுக்கும் அதே பதில்.

அண்ணை என்னை ஒரு பக்கமாக இழுத்தார். விசாவுக்கடாப்பா என்று காதுக்குள் சொன்னார். மாப்பிள்ளை வெளிநாடாயிருக்கும், எம்பசியில் படத்தை வைத்துச் சனத்தை எண்ணுவார்கள், ஆள் காணாவிட்டால் பொய்க் கலியாணம் என்று திருப்பிவிடுவார்கள் என்றார். அவருக்கு எல்லாம் தெரியும்.

நானும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரிப் போய், மாப்பிள்ளை எந்த நாடு அக்கா என்று கேட்டேன்.

பூவரசங்குளம் என்றா. வயல் செய்கிறாராம்.

பூவரசங்குளத்துக்கு வவுனியாவில் பஸ் ஏறினால் போதும். விசா கேட்கமாட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில நில்லுங்கோ, எடுத்தே காட்டுறன் என்றேன். நின்றா. பின்னால் முல்லைத்தீவு பஸ்.

அமத்தினேன். ஐயோ, என்ன வடிவு! பஸ் ஒரு சிவப்புப் புகை. சனம் ஒன்றுமில்லை. அவாவின் கண்ணிமை மயிரை எண்ணலாம். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் திறம்.

அவா தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. புகையைத்தான் பார்த்தா. அதில் ஆக்கள் நின்றவர்கள் எல்லோ என்று கேட்டா.

வேறு வழியில்லாமல் என் பையைத் திறந்தேன். கமராவோடு சும்மா வந்த லென்ஸ் அடியில் கிடந்தது. கடைக்குள் அதை வெளியில் எடுக்கவே எனக்கு வெட்கம். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற சாமான். பூட்டி, அமத்தினேன்.

எல்லாம் விழுந்தது. பஸ், பஸ்ஸின் போர்ட், மிதிபலகையில் தொங்கின கொண்டக்டர், லொத்தர்ச் சீட்டு விற்கிறவர், ரயர்க்கடை, ரயருக்குள் படுத்திருந்த நாய். நாய் நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவாவின் முகம் மலர்ந்துவிட்டது. இது காணும் தம்பி என்றா.

சுதாகரன் அண்ணை மூன்று லென்ஸையும் திரும்பப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். அந்த ஐம்பதிலும் துவாரத்தைச் சுருக்கினால் பின்னுக்குத் தெரியும்தான். ஆனால் ப்ளருக்கென்றே பிறந்த லென்ஸை வாடகைக்கு எடுத்து ப்ளர் இல்லாமல் படம் எடுக்க எனக்கென்ன விசரா?

முதல் கலியாணமே நாசம். ஆற்றாமையில் கேட்டுவிட்டேன், அப்பிடி ஆர் அக்கா பின்னுக்கு நிக்கப்போகினம், எம்பியோ என்று.

அம்மா என்றா.

அப்பா செத்துக் கனகாலம். அம்மா மணவறைக்குக் கிட்ட வரமாட்டன் என்று இப்போதே சொல்லிவிட்டாவாம். கழுத்தில் ஒன்றுமில்லாதவள் தாலி கட்டுற இடத்தில் நிற்கக்கூடாது என்று ஒரே கதையாம். இவா அழுதும் பார்த்தாவாம், சண்டை பிடித்தும் பார்த்தாவாம். சமைக்கிற ஆக்களோட குசினி வாசலில் நின்று பார்க்கிறன், அது எனக்குக் காணும் என்றாவாம் அம்மா.

அப்படியென்றால் அம்மாவை வேறாக வடிவாய் எடுத்துத் தாறன் என்றேன். எனக்கு இன்னும் அந்த ஐம்பது மில்லிமீற்றரில் ஒரு கண்.

வேறாக வேண்டாமாம். தாலி ஏறும்போது தானும் அம்மாவும் ஒரே படத்தில் வேண்டுமாம். பெரியக்காவின் கலியாணத்தையும் பேர்போன கமராக்காரர்தான் எடுத்தவராம்.

"அந்த அல்பத்தில எல்லாப் படத்திலயும் அம்மா நிக்கிறா தம்பி. முகமில்லை, பச்சைச் சீலை மட்டும், ஒரு கறை மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தா. சுதாகரன் அண்ணை துடைத்த லென்ஸையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றார்.

குசினி மணவறைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.