அழகையாவுக்கு வச்ச குளிசை

"அப்பா நேத்தும் குளிசை போட்டுட்டாரு மிஸி."

ரவிகுமார் இப்படிச் சொன்னதும் நர்ஸ் சுபாஜினி அண்ணாந்து சுவரப் பாத்தா. மாலை போட்ட படத்துல அழகையா சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. மனுசன் கேன்சர்ல செத்து, கருமாதியும் முடிஞ்சாச்சு.

கண்டியில வலி தாங்க முடியாதவங்களப் பாக்குற கிளினிக்ல சுபாஜினிக்கு வேல. அழகையாவுக்குக் குடுத்து மிஞ்சுன மோர்பின் குளிசையத் திருப்பி வாங்கிட்டுப் போகத்தான் பன்விலைக்கு பஸ் ஏறி, தேயிலைக்குள்ள நடந்து, தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற இந்த லயத்து வீட்டுக்கு வந்திருக்கா. போன வருசம் வேறொரு வீட்டுல இப்படி மிஞ்சுனத இனிப்புன்னு நெனச்சு ஒரு சின்னப்புள்ள முழுங்கிருச்சு. அந்த மொகம் இன்னும் அவள விடல.

"என்ன தம்பி, செத்தவரு எப்படிக் குளிசை போடுவாரு? என்னயப் பாத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியுது?"

"சத்தியமா மிஸி! ராவானா அப்பா கெடந்த காம்பராவுல முனகல் கேக்குது. கடைசி காலத்துல முனகுவாருல்ல, அதே மாதிரி. அதான் அம்மா வெளக்கு வைக்கிறப்ப படத்துக்கு முன்னால ஒரு கோப்பை பிளேன்டியும் ஒரு குளிசையும் வைக்குது. வச்சா சத்தம் அடங்கிருது. காலையில பாத்தா குளிசை இருக்காது."

"அம்மாவுக்குப் பயமா இல்லயாமா?"

"அந்தக் காம்பராவுலதான் அது படுக்குது. ஆனா அதுக்கு ஒண்ணுமே கேக்கலயாம். செவுத்துக்கு இந்தப் பக்கம் கெடக்குற எனக்குத்தான் கேக்குது."

சுபாஜினி அவன மேலயும் கீழயும் பாத்தா. கண்ணு செவந்து, மூஞ்சி ஊதி, ஒரு எடத்துல ஒக்கார முடியாம கால ஆட்டிக்கிட்டே இருந்தான். பேய்க் கத சொல்லி நீயே முழுங்குறியான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டா.

"கிட்ட வாங்க. கண்ணக் காட்டுங்க."

மோர்பின் போடுறவங்களுக்குக் கண்ணுப் பாப்பா கடுகாட்டம் சுருங்கிரும். அரை இருட்டுல உத்துப் பாத்தா, அவனுக்கு நல்லா விரிஞ்சுதான் இருந்துச்சு.

"தூங்கியே ரொம்ப நாளாச்சு மிஸி" ன்னு பாவமாச் சொன்னான். "அப்பாவுக்கு அங்க போயும் வலி தீரல போல."

அந்த நேரம் அவன் அம்மா வீரம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. எடது கைய விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு, ஒத்தக் கையாலதான் நீட்டுனா.

"குடிங்க மிஸி. மல ஏறி வந்திருக்கீங்க."

கோப்பைய வாங்க நிமிந்த சுபாஜினி, அவ கண்ணப் பாத்து அப்படியே நின்னுட்டா. ரெண்டு பாப்பாவும் கடுகு.

"தம்பி, கடையில எனக்கு ஒரு தண்ணிப் போத்தல் வாங்கிட்டு வாறீங்களா?"

அவன் படி எறங்குனதும் சுபாஜினி பொரிஞ்சு தள்ளுனா. "ஏம்மா, நீங்களா முழுங்குறீங்க? அது என்ன கடல முட்டாயா? டொக்டர் அளந்து குடுக்குற மருந்து. மூச்சே நின்னு போயிருந்தா என்ன செய்வீங்க? மிஞ்சுனத எடுங்க, நான் கொண்டு போறேன்."

வீரம்மா சுபாஜினி கையப் புடிச்சு தன்னோட எடது கக்கத்துக்குள்ள வச்சு அமுக்குனா.

கல்லாட்டம் ஒரு கட்டி. இந்த மாதிரிக் கட்டியத் தொட்டுப் பழகுன கைக்கு, இதுவும் அதே வியாதின்னு ஒடனே வெளங்கிருச்சு.

"ஐயோ, ஏம்மா யாருகிட்டயும் சொல்லல? நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க. ஒங்க பேருலயே எழுதி, ஒங்க வலிக்குத் தக்கன மருந்து தருவாங்க. இப்படி ஒளிச்சு முழுங்க வேணாம்!"

சத்தம் கூடிப் போச்சு. வெளிய படியில ரவிகுமாரோட செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

வீரம்மா அவ வாயப் பொத்துனா.

"மெல்ல மிஸி... முனகுறது அப்பான்னே புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."