கூடவே பிறந்தது

“உரிமை எங்கேர்ந்து வருது? சட்டுனு சொல்லுங்க!”

பல் துலக்கிக்கொண்டிருந்த கணவனின் முதுகுக்குப் பின்னால் புத்தகமும் கையுமாக வந்து நின்று மனைவி கேட்டாள். திடுக்கிட்டதில் அவன் பாதி நுரையை விழுங்கிவிட்டான்.

“சட்டத்துலேர்ந்து.”

“போச்சு! சட்டம் எழுதறதுக்கு முன்னாடி மனுஷன் மூச்சு விடலையா?”

“விட்டான்.”

“யார்கிட்டயாவது அனுமதி வாங்கினானா? உசிரு, சுதந்திரம், உழைச்சுச் சேர்த்தது, இதெல்லாம் கூடவே பொறந்தது. இயற்கை உரிமை. அதைப் பாதுகாக்கத்தான் எல்லாரும் கூடிப் பேசி அரசாங்கம்னு ஒண்ணை வச்சாங்க, வீட்டுக்குப் பூட்டு போடற மாதிரி. பூட்டு வீட்டுக்காரன் ஆயிடுமா?”

“ஆகாது. இதெல்லாம் உனக்கு எப்படித் தலைகீழாத் தெரியுது?”

“மாசக்கணக்கா இந்தப் புத்தகத்தோடதானே குடித்தனம் நடத்துறேன்! நல்லா வாயைக் கொப்புளிங்க.”

குடியுரிமை வழங்கும் விழா தொடங்க அதிக நேரமில்லை. எழுதி வைத்திருந்த பேப்பரை அவன் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தான். மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கு முன்னால் வாய் குழறாமல் பேச வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவை.

அவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. பாடிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டாள், ரொட்டியைக் கருக்கினாள், கருகியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பேப்பரைப் பார்த்துப் படிச்சிடட்டுமா?”

“கூடவே கூடாது. மனசுலேர்ந்து வரணும்.”

வாசலில் அவன் தங்கை காரின் ஹாரனை அலறவிட்டாள்.

“அண்ணா, சொதப்பித் தொலைச்சிடாதே. நம்ம மானமே உன் வாய்லதான் இருக்கு! அண்ணி, நீங்க அவன் காதுல ஓதிக்கிட்டே வாங்க.”

கார் கிளம்பியதும் அண்ணி ஓத ஆரம்பித்தாள். “அடுத்தது குடிமை உரிமை. சொல்லுங்க.”

“ஓட்டு போடறது, கோர்ட்டுக்குப் போறது... நாடு தன்னோட குடிமக்களுக்குக் குடுக்கறது.”

“சபாஷ்! அப்போ எந்த நாட்டுக்கும் குடிமகனா இல்லாதவனுக்கு?”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பதில் தெரியும். லொடலொடவென்று பேசிக்கொண்டே வந்த தங்கை வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

“அவனுக்கும் உண்டுங்க,” என்றாள் மனைவி மெதுவாக. “மனுஷனாப் பொறந்ததே போதும்னு, பெரிய போர் முடிஞ்சு உலகமே உக்காந்து எழுதி வச்சிருக்கு. அதான் மனித உரிமை. என்ன, அவன் போய்க் கதவைத் தட்டினா, ‘நீ எந்த நாடு?’ன்னு கேட்டுட்டுச் சாத்திடறாங்க. கூடப் பொறந்தது எங்கேயும் போயிடாது. மதிக்கத்தான் ஆள் வேணும்.”

அவன் கைக்குட்டையைத் தேடினான்.

“இதை அப்படியே சொல்லிடட்டுமா?”

“தாராளமா. ஆனா அழுதுட்டு நிக்காதீங்க, பார்க்கச் சகிக்காது!”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கார் பாதையை விட்டு ஒரு குலுங்கு குலுங்கி மீண்டது.

மண்டப வாசலில் காவலர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். “குடியுரிமை வாங்கறவங்க இடது பக்கம்! மத்தவங்க வலது பக்கம்!”

அவள் அவனுடைய டையைச் சரிசெய்தாள். மீசையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள்.

“நடுங்காம போங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன்.”

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

உள்ளே நாற்காலிகள் நிறைந்தன. ஒருவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். ஒரு தாய் மடியிலிருந்த குழந்தையின் வாயைப் பொத்தினாள். மணி அடித்தது.

“எல்லாரும் எழுந்து நில்லுங்க! நீதிபதி வர்றார்!”

கறுப்பு அங்கி காலைத் தடுக்க, தடுமாறி மேடையேறிய அவன், தான் உறுதிமொழி சொல்லவைக்க வேண்டியவர்களைப் பார்த்தான். முதல் வரிசையில், பிறந்ததிலிருந்து எந்த நாடும் தன்னுடையவள் என்று சொல்லாத அவன் மனைவி, வலது கையை உயர்த்தியபடி, அவன் மறந்துபோன முதல் வரியை உதட்டசைவில் அவனுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.