நடு பேரிங்

அய்யப்பன் பட்டறையில் கார் தூக்குகிற லிப்ட் ஏறும்போதெல்லாம் நாகராசுக்கு வயிறு எரியும்.

எதிர்ச் சாரிதான். குளத்தூர் ரோட்டில் இந்தப் பக்கம் நாகராசு, அந்தப் பக்கம் அய்யப்பன். ஒரே முதலாளியிடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அய்யப்பன் ஆறு வருசம் இளையவன். பிந்தி வந்தவன் லிப்ட் போட்டுவிட்டான். முந்தி வந்தவர் இன்னும் பள்ளத்தில் இறங்கித்தான் வண்டி பார்க்கிறார். எரியாமல் என்ன செய்யும்?

லிப்ட்டில் தூக்கினால் வண்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். நாலு பேர் நம்பினார்கள். விசயம் அய்யப்பன் காதுக்கும் போனது. சிரித்தானாம். அந்தச் சிரிப்பு வேறு தனியாக எரிந்தது.

இந்த நேரத்தில்தான் ஷேக் பரீது செகண்ட் ஹேண்டில் வாங்கின வண்டியோடு வந்தார். நாகராசின் பழைய வாடிக்கை. அவர் வீட்டிலும் அவர் தம்பிமார் வீட்டிலுமாக மொத்தம் ஐந்து கார். ஐந்தும் நாகராசு கையில்தான்.

அறுபதில் போனால் அடியில் ஊ என்று ஒரு சத்தம் வருகிறது என்றார்.

நாகராசு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முன் சக்கரத்துப் பேரிங் என்றார். மாற்றினார்.

மூன்றாம் நாள் பாய் திரும்பி வந்தார்.

"அண்ணே, சத்தம் பாதிதான் கொறைஞ்சிருக்கு."

நாகராசுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசமும் அவர் பார்த்தது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள். சத்தம் என்றால் முன்னால் பார்த்தால் போதும். இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் அடியில் நீளமாக ஒரு தண்டு ஓடுகிறது. அதில் அவர் கை வைத்ததே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நாளைக்குப் பார்ப்போம் என்றார். பாய்க்கு அவசரம். மறுநாள் மீமிசலில் கல்யாணம். எதுக்கும் எதிர்ல ஒரு தடவை காட்டிட்டு வாரேன் என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

வண்டி ரோட்டைத் தாண்டியது. லிப்ட்டில் ஏறியது. நாகராசு ஸ்பானரைத் துடைக்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது போனால் மற்ற வண்டிகளும் பின்னாலேயே போகும். அப்புறம் இவர் பள்ளத்தில் மழைத்தண்ணிதான் நிற்கும்.

அய்யப்பன் அடியில் போய் நின்றான். அரை மணி ஆயிற்று. வெளியே வரவில்லை. ஒரு பேரிங்கைப் பார்க்க அரை மணியா? பயலுக்குத் தெரியவில்லை. நாகராசுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

பிறகு வண்டி இறங்கியது. அய்யப்பன் பாயிடம் என்னமோ சொன்னான். பாய் திரும்பி இங்கிட்டுப் பார்த்தார். போச்சு, வத்தி வைத்துவிட்டான் என்று நினைத்தார் நாகராசு.

வண்டி திரும்பவும் இங்கேயே வந்தது.

"நீங்க மாத்துன பேரிங் சரியான வேலையாம். அதுவும் போயிருந்துச்சாம்" என்றார் பாய். "இன்னொண்ணு அடியில, தண்டுக்கு நடுவுல இருக்காம். அது போயிருக்காம். அந்த வேலை தனக்குப் பழக்கமில்ல, நாகராசு அண்ணன்ட்டயே குடுங்கன்னுட்டான்."

நாகராசின் முதுகு நிமிர்ந்தது. இத்தனை நாள் எரிந்ததற்கெல்லாம் அன்றைக்குத்தான் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

"நான் அப்பவே சொல்லலையா பாய்? லிப்ட் வாங்கிப் போட்டா ஆச்சா? வேலை கையில இருக்கணும்."

பக்கத்து டீக்கடைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ச் சாரியில் அய்யப்பனும் பார்த்தான். கையைக் கழுவப் போய்விட்டான்.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார் நாகராசு. இறங்கினதும் டார்ச்சைத் தேடி எடுத்தார். தண்டை எங்கே பிடித்துக் கழற்றுவது? எப்படித் திருப்பி மாட்டுவது? ஊரைக் கூட்டிச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் தெரியாது என்று மேலே ஏற முடியாது.

"தெரியுதாண்ணே?" என்று மேலேயிருந்து கேட்டார் பாய்.

"அவனுக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரியும் பாய்" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை அடித்தார்.

தண்டின் நடுவில் இருந்த பேரிங்கைச் சுற்றி வெள்ளை பெயின்ட்டில் ஒரு வட்டம். கழற்ற வேண்டிய போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நம்பர். தண்டு பூட்டியிருந்த இரண்டு முனையிலும் ஒவ்வொரு கோடு, பாதி தண்டில், பாதி பூட்டில்.

ஓரத்துத் தகட்டில், இன்னும் ஈரம் காயாமல், பொடி எழுத்தில் எழுதியிருந்தது:

"அண்ணே, திருப்பி மாட்டும்போது கோடு கோட்டோட சேரணும், இல்லாட்டி வண்டி நடுங்கும். முடிஞ்சதும் இதை அழிச்சிடுங்க, பாய் பாத்துடப்போறாரு."