நாடி சாரின் நாலாவது டிஸ்க்

"குற்றவாளி இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான்" என்றார் நாடி சார், குரலைத் தாழ்த்தி. "இன்னிக்குப் பிடிச்சிடுவேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க மாமா" என்றாள் வாசலில் நின்ற மைத்துனி.

அவர் முறைத்த திசையில் ஆள் யாரும் இல்லை. பச்சை விளக்கு மினுக்கும் ஒரு டிஸ்க்தான் இருந்தது. அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு.

மைத்துனிக்குக் கீழ்த்தளத்தில், பதிவு கவுன்ட்டரில் வேலை. நோயாளியின் பெயரை அவள் தட்டியதும், அது முதலில் டிஸ்க்கில் உள்ள 'லாக்' என்கிற பதிவேட்டில் பதிய வேண்டும். பதிந்தால்தான் டோக்கன் வரும். ஒரு மாதமாக ஒரு டோக்கனுக்கு அரை நிமிடம் ஆகிறது.

"மேனேஜர் என் கைதான் ஸ்லோங்கிறார். பன்னெண்டு மணிக்கு வந்து பார்ப்பாராம். இதே கதைன்னா நிரந்தரம் கிடையாதாம்." அவள் குரல் உடைந்தது. "சேர்த்துவிட்டதும் நீங்க. துரத்தப்போறதும் உங்க டிஸ்க்."

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று டிஸ்க், அவற்றில் கோப்புகளை அடுக்கிவைக்க மூன்று விதமான ஃபைல் சிஸ்டம் பார்த்தாயிற்று. வெறுமனே சோதித்தால் பறக்கிறது. வேலையில் இறக்கினால் படுத்துக்கொள்கிறது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தையே மூணு தடவை மாத்திட்டேன்" என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

ஆனால் அவரிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. போன மாதம் அவரே எழுதிய 'நாடி' புரோகிராம். விநாடிக்கு ஐம்பது தரம் டிஸ்க்கில் ஒரு வரி எழுதி, 'பதிஞ்சுதா, பதிஞ்சுதா' என்று கேட்டு, அது எவ்வளவு மெதுவென்று அழகாக வரைபடம் போடும். எந்த டிஸ்க்கை வேலையில் இறக்கினாலும் முதல் காரியமாக அதை ஓடவிடுவார்; பிறகு நிறுத்தவே மாட்டார். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, லாக்கை நாலாவது டிஸ்க்குக்கு, நாலாவது ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றினார். டேட்டாபேஸை எழுப்பிய கையோடு போன் வந்தது.

"சார், கொஞ்சம் கவுன்ட்டருக்கு வாங்க." மேனேஜர்.

போட்டது போட்டபடி ஓடினார். படியிறங்கும்போதே மன்னிப்புக்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டார்.

கீழே, வாசல்வரை நின்ற வரிசை மளமளவென்று குறைந்துகொண்டிருந்தது. டோக்கன்கள் சர்சர்ரென்று வந்துகொண்டிருந்தன. மைத்துனி ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"அசத்திட்டீங்க சார்! மீதிப் பேரும் இப்படியே போகட்டும். கையெழுத்துப் போட்டுடறேன்." மேனேஜர் அவளுடைய நிரந்தர வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

நாடி சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலாவதுதான் ராஜா! இந்த வெற்றிக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா?

மாடிக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார். அறையில் அவரும் டிஸ்க்கும் மட்டும். ஆசை ஆசையாய் நாடியை ஓடவிட்டார்.

வரைபடத்தின் முதல் கோடு முடிவதற்குள் போன் அலறியது. மைத்துனிதான்.

"மாமா, டோக்கன் மறுபடி நின்னுடுச்சு! இப்ப எதைத் தொட்டீங்களோ, அதுலேர்ந்து கையை எடுங்க!"