நான்காவது ட்வீட்டர்

"எங்க, இன்னொருக்கா அடி."

அமுதவல்லி கைத்தாளத்தை மைக்குக்கு நேரே பிடித்து அடித்தாள். ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள்ளிருந்து அந்த ஒலி ஊசி மாதிரி பாய்ந்து வந்தது.

கொட்டகை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனது.

"வரலியே," என்றான் அவள் புருஷன் சென்றாயன். "நீ பாடறது வருது, டோலக்கு வருது. தாளம் மட்டும் மொண்ணையா இருக்குது."

ரோட்டுக்கு அந்தப்பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த காளியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பிறகு கையை எடுத்துக் கும்பிட்டான்.

"யக்கா, போதுங்க! தக்காளியெல்லாம் வெடிச்சிரும்!"

சென்றாயன் ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அந்தத் தடித்த குரல் அவனுக்குக் கேட்டது.

"உன் பாட்டத்தான் சொல்றான்," என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

நாளைக் காலை அவர்கள் பஜனைக் கோஷ்டி தீர்த்தமலைக்குப் போகிறது. ஏறும் வழியெல்லாம் நின்று நின்று பாடுவார்கள். போன வருஷம் அடிவாரத்திலேயே ஜெனரேட்டர் வைத்துப் பாடினார்கள். நம்மைவிட ஜெனரேட்டர்தான் நன்றாகப் பாடியது என்று கோஷ்டியை நடத்தும் தங்கம்மாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பெட்டி. பழைய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைப் பிரித்து, நல்ல செல்லாகப் பொறுக்கி அடுக்கியிருந்தான். காருக்குப் போடுகிற ஆம்ப்ளிஃபயர். பாட்டையும் தாளத்தையும் அளவாகக் கலந்து கொடுக்கக் கையகல மிக்சர்; அதை அவனேதான் பார்த்துக்கொள்வதாக இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு படியேறலாம். ஒரு ஒயர் கூட வெளியே இழுக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருஷம் போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவன் சென்றாயன். காதைப் பிளக்கிற கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று, அதன் பக்கத்திலேயே சாப்பிட்டு, அதன் பக்கத்திலேயே தூங்கினவன். போதும், இனிமேல் பாட்டில்தான் சோறு என்று சொல்லிக்கொண்டு மாரண்டஹள்ளிக்குத் திரும்பி வந்தான். மலையில் பெட்டி நன்றாகப் பாடிவிட்டால் பாலக்கோடு வரைக்கும் இருக்கிற கோஷ்டிகள் கூப்பிடும். பாடாவிட்டால், போர்வெல் வண்டிக்காரர் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

மேசைமேல் மூன்று ட்வீட்டர்கள் கிடந்தன. தாளம், சலங்கை மாதிரி மெல்லிய சத்தங்களைத் தருகிற சின்ன ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றாக ஓசூரில் வாங்கி வந்து, மாட்டி, டூப்ளிகேட் மால் என்று திட்டிக் கழற்றிப் போட்டவை. பெட்டிக்குள் இருப்பது நான்காவது.

மேசைமேல் கிடக்கிற மூன்றும் நல்லவை. அமுதவல்லிக்குத் தெரியும்.

போன வாரம் பைக் டயரிலிருந்து காற்று சீறிக்கொண்டு இறங்கியது. பாம்போ என்று பயந்து அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சென்றாயன் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தி ஒயர் சீவிக்கொண்டிருந்தான். தலையைக் கூடத் திருப்பவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

கோளாறு பெட்டியில் இல்லை, உங்கள் காதில் என்று எந்தக் குரலில் சொல்வது? எந்தக் குரலில் சொன்னாலும் அவன் மறுபடி கம்ப்ரசர் பக்கத்தில்தான் போய் நிற்பான். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிற்பான்.

சொல்லாமல், பலமாக அடித்துப் பார்த்தாள். நெருங்கி அடித்துப் பார்த்தாள். அவளுக்கே காதுக்குள் வலித்தது.

"வருதுங்களே. எனக்கு நல்லா கேக்குதுங்க."

"உன் கையில இருக்குது, உனக்குக் கேக்கும். கடைசியா நிக்கறவனுக்குக் கேக்கணுமே?"



சென்றாயன் குமிழை முழுக்கத் திருப்பி வைத்தான். பிறகு மண்டியிட்டு, குனிந்து, காதைக் கொண்டுபோய் ட்வீட்டரின் மேலேயே வைத்தான். கண்களை மூடிக்கொண்டான்.

"அடி."

காதை அவ்வளவு கிட்டத்தில் வைத்திருக்கும்போது அடித்தால், அதில் மிச்சமிருக்கிறதும் போய்விடும்.

அமுதவல்லி கைகளைத் தூக்கினாள். இரண்டு தட்டுகளும் ஒன்றை ஒன்று நெருங்கின. மயிரிழை இடைவெளியில் நின்றுவிட்டன.

கொட்டகைக்குள் சத்தமே இல்லை. ரோட்டில் லாரியின் பின்கதவை யாரோ சாத்தினார்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

அவன் அசையவில்லை. மறுபடியும் அடி என்பான் என்று அவள் காத்திருந்தாள். மூச்சை விடவும் பயமாக இருந்தது. அவன் கழுத்தோரம் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

"ஆங்," என்றான், கண்ணைத் திறக்காமலே. "இப்ப வருது புள்ள. சுத்தமா வருது."

அவள் கைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

சென்றாயன் எழுந்து பின்பலகையை எடுத்தான். இத்தனை நாளும் திருகாணி மட்டும்தான் போடுவான், மறுபடி கழற்ற வேண்டுமே என்று. இப்போது விளிம்பு நெடுக, ஒரு இடம் விடாமல், பசையைத் தடவினான். பலகையைப் பொருத்தி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மிக்சர நீ பாத்துக்க," என்றான் பெட்டியிடம். "தாளத்த வேற யாராச்சும் அடிக்கட்டும். நான் பெட்டியச் சுமந்துக்கறேன்."