யார் போட்ட கீறல்?

"மறுபடியும் எங்கே கொண்டுபோய் உரசினே?"

காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டு கணவன் கேட்டான். இடது சக்கரத்துக்கு மேலே சிவப்பு பெயின்ட் பெயர்ந்து, வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது ஒரு கீறல்.

மருமகள் விழித்தாள். "சத்தியமா நான் எங்கேயும் உரசலைங்க."

"அப்ப கார் தானா போய்ச் சொறிஞ்சுக்கிச்சா?"

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "பார்த்து ஓட்டு, பார்த்து ஓட்டுன்னு நானும் படிச்சுப் படிச்சுச் சொல்றேன். யார் காதுல ஏறுது?"

"இன்னொரு கீறல் விழட்டும். சாவி என் பைக்குள்ள போயிடும். அப்புறம் பஸ்ல போய்க்கோ" என்றான் கணவன்.

பஸ்ஸில் எங்கே போவது? ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குக் காலை ஷிப்ட். முதல் பஸ் வருவதற்குள் ஊசியும் கையுமாக அங்கே நிற்க வேண்டும். சாவி போனால் வேலையும் போச்சு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை.

மறுநாள் வேலை முடிந்து வந்து வெயிலில் பார்த்தால், அந்தக் கீறலைக் காணோம்! தடவிப் பார்த்தாள். சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது.

'கனவு கண்டேனா? அவரும் சேர்ந்தா கனவு கண்டார்?'

அதற்கு அடுத்த நாள், அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று. இது நிஜக் கீறல். விரலில் தட்டுப்பட்டது. எங்கே இடித்தோம், எப்போது இடித்தோம் என்று வந்த வழியெல்லாம் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. நேராகப் பெயின்டரிடம் வண்டியை விட்டாள்.

"சின்னக் கீறல்தாம்மா, டச்சப் பண்ணினாலே போதும்" என்ற பெயின்டர், கொஞ்சம் தள்ளிக் கையை வைத்தார். "ஆனா இங்கே யாரோ ஏற்கெனவே பூசியிருக்காங்களே?"

தின்னரில் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்தார். துணி சிவந்தது. உள்ளிருந்து பழைய கீறல் எட்டிப் பார்த்தது.

"காஞ்ச கார் பெயின்ட் இப்படிக் குழம்பா வராதும்மா. இது நகத்துக்குப் போடுற பாலிஷ்."

"நகப் பாலிஷா!"

"இங்கே ஒண்ணு. இதோ இன்னொண்ணு..." அவர் உற்சாகமாகத் தேய்த்துக்கொண்டே போனார். நிமிர்ந்தபோது ஒன்றுக்கு ஐந்து கீறல்கள் வரிசையாக இளித்தன.

"ஐயோ அண்ணே, என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே! இப்பவே பெயின்ட் அடிச்சுக் குடுங்க."

"இப்பவேன்னா எப்படிம்மா? தேய்க்கணும், ப்ரைமர் போடணும், அது காயணும். அதுக்கு மேல பெயின்ட், அதுவும் காயணும். நாளைக்கு விட்டுட்டுப் போங்க."

வீடு வரைக்கும் ஒரே குழப்பம். யார் பூசியிருப்பார்கள்? கணவனா? கீறலைப் பார்த்தால் ஊரைக் கூட்டுகிற ஆள், ஓசைப்படாமல் பாலிஷ் போடுவானா? மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

மாமியார்!

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டுவது வாய் மட்டும்தானா? மனசு இப்படியா?

உள்ளே நுழைந்ததும் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் ஓரத்தில் சிவப்பு அப்பியிருந்தது.

"அத்தை, அவர் திட்டக்கூடாதுன்னு எனக்காக நீங்க..."

"உனக்காகவா? என்னடி உளர்றே?"

"கார்ல பாலிஷ் போட்டு மறைச்சீங்களே!"

மாமியார் வாசலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அது நீ போட்ட கீறல் இல்லடி. நான் போட்டது."

"நீங்களா!"

"மதியம் நீ வேலை முடிஞ்சு வந்து தூங்குவேல்ல, அப்ப எடுப்பேன். வாசலுக்குள்ளேயே முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம். முன்னாடி நல்லாத்தான் போகுது. பின்னாடி வர்றப்பதான் அந்தத் தூண் குறுக்கே வந்துடுது."

சிரிப்பதா, சண்டை போடுவதா என்று மருமகளுக்குத் தெரியவில்லை. "அப்ப என்கிட்ட 'பார்த்து ஓட்டு'ன்னு சொன்னது?"

"பயத்துல வாய் முந்திக்கிச்சு. புதுசா ஓட்டுறவ, ஒண்ணு ரெண்டு உரசினா உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனைச்சேன். என்னைச் சொல்லுவான். பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போகக்கூட அவனுக்கு எப்ப ஒழியும்னு அவன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் நிக்கிறதுடி? அதான் நானே ஓட்டக் கத்துக்கலாம்னு..."

வெளியே பைக் நின்றது. அடுத்த நிமிஷம் வாசலிலிருந்து ஒரு அலறல்.

"அஞ்சு! அஞ்சு கீறல்!"

உள்ளே வந்தவன் கையை நீட்டினான். "எடு சாவிய."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தாள்.

மகன் முன்னால் தாயைக் காட்டிக்கொடுக்க மருமகளுக்கு நாக்கு எழவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். நீட்டினாள்.

நடுவில் ஒரு கை புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டது.

"அஞ்சும் நான் இடிச்சதுடா" என்றாள் மாமியார். சாவியை மருமகளின் கையில் திரும்ப வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டாள். "அவ வேலைக்குப் போகணும். இது அவகிட்டதான் இருக்கும்."

மகன் வாயைப் பிளந்தான்.

"அம்மா, உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன்டா இடிக்கப் போறேன்?"